பெயரும் பார்வையும்: அந்தமான் நிக்கோபார்ப் பறவைப் பெயர்கள் குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

காட்டில் பறவை ஒன்றைக் கண்டவுடன் உடனிருப்பவரிடம் கேட்கப்படும் முதல் வினா ‘அது என்ன பறவை?’ என்பதாகும். அவ்வினாவிற்கு விடையாக வரும் பெயர் இரு பணிகளைச் செய்கின்றது. கண்ட காட்சியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளத் துணைபுரிவது ஒன்று. அடுத்த முறை அப்பறவையை எவ்வாறு இனங்காண வேண்டும் என்பதைக் கற்பிப்பது மற்றொன்று. ‘மீன்கொத்தி’ என்னும் பெயரைக் கேட்ட சிறுவன் நீர்நிலையின் ஓரத்தில் அதனைத் தேடுகின்றான். ‘வாலாட்டி’ என்னும் பெயர் பறவையின் எவ்வுறுப்பை நோக்க வேண்டும் என்று கூறிவிடுகின்றது. முதற்பணியை எந்தப் பெயரும் செய்யும். இரண்டாம் பணியை எல்லாப் பெயர்களும் செய்வதில்லை.

பறவை நோக்கலில் ஈடுபடுவோர் பலரும் பெயரை ஓர் அடையாளச்சீட்டாக மட்டுமே கருதுகின்றனர். பெயர் பார்வையை வழிநடத்துகின்றதா, மறைக்கின்றதா என்னும் வினா தமிழில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினாவை ஆராய்வதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் பொருத்தமான களமாகும். வேறெங்கும் காணப்படாத பறவையினங்கள் பல இத்தீவுகளில் வாழ்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவியற்பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும், தீவின் தொல்குடியினர் மொழிகளில் வழங்கிய பெயர்களும், குடியேறியோர் மொழிகளின் பெயர்களும் இங்கு அருகருகே உள்ளன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆகவே இது தமிழுக்கும் உரிய சிக்கலாகும். இம்மூவகைப் பெயர்களையும் ஒப்பிட்டு மதிப்பிடுவதும், தமிழில் இனி அமையவேண்டிய பெயர்களுக்குரிய நெறியைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அருங்காட்சியகத்துப் பெயர்கள்

1858இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்ட பின்னர் தீவுகளின் பறவைகள் அறிவியல் உலகின் கவனத்தைப் பெருமளவில் பெற்றன. குடியேற்றத்தின் கண்காணிப்பாளராக இருந்த டைட்லர் போன்ற அலுவலர்கள் பறவைகளைச் சேகரித்தனர். கல்கத்தாவின் ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்டு பிளித் பல இனங்களை விவரித்துப் பெயரிட்டார். 1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் தாமே தீவுகளுக்குச் சென்று சேகரித்தவற்றை மறு ஆண்டில் தமது ‘ஸ்டிரே ஃபெதர்ஸ்’ இதழில் விரிவாக வெளியிட்டார். இன்றைய அறிவுக்கு அப்பதிவுகளே அடிப்படை என்பதில் ஐயமில்லை.

எனினும் அப்பெயர்களின் சொற்பொருளை நோக்கும்போது வேறொரு செய்தி புலனாகின்றது. அந்தமானின் கானாங்கோழி இனம் ஒன்றின் அறிவியற்பெயரில் ‘கேனிங்கி’ என்னும் பகுதி உள்ளது. பாம்புக்கழுகின் பெயரில் ‘எல்ஜினி’ உள்ளது. கேனிங், எல்ஜின் இருவரும் அடுத்தடுத்து இந்தியாவின் அரசப்பிரதிநிதிகளாக இருந்தவர்கள். கரிய மரங்கொத்தி ‘ஹாட்ஜி’ எனவும், வால்காக்கை அரசு அலுவலர் பேலியின் பெயராலும், சிறிய ஆந்தை புவியியலாளர் வேலண்டைன் பாலின் பெயராலும், நிக்கோபாரின் சிறு பாம்புக்கழுகு குளாஸின் பெயராலும் வழங்குகின்றன. இப்பட்டியலைப் பறவை அறியாத ஒருவர் படித்தால் அதனை ஆட்சிப்பணியாளர் பதிவேடு என்றே கருதக்கூடும்.

இவற்றுள் ஒரு பெயர் மொழியியலார் தனியே நோக்கத்தக்கது. அந்தமானின் கூகைக்கு 1875இல் ஹியூம் இட்ட பெயர் டி ரோப்ஸ்டார்ஃப் என்பவரைக் குறிக்கின்றது. டென்மார்க்கைச் சேர்ந்த இவர் தீவுகளில் அலுவலராக இருந்து தீவுமக்களின் சொற்களைத் தொகுத்தவர். நான்கௌரிக் கிளைமொழிக்கு இவர் உருவாக்கிய அகராதி இவரது மறைவிற்குப் பின் 1884இல் வெளிவந்தது. தீவுமக்களின் சொற்களைத் திரட்டியவரின் பெயர் கூகைக்கு அமைந்தது. அம்மக்கள் கூகைக்கு வழங்கிய சொல் அறிவியற்பெயரில் இடம்பெறவில்லை.

அறிவியற்பெயரின் முதன்மைப் பணி ஓர் இனத்தை உலகெங்கும் ஐயமின்றிச் சுட்டுவதே என்றும், அதில் பொருட்பொருத்தம் தேடுவது முறையன்று என்றும் இதற்கு மறுப்புக் கூறலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. அறிவியற்பெயர்களை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆனால் பொதுமக்கள் வழங்கும் பெயர்களுக்கு அவ்விதி பொருந்தாது. ஆட்பெயரால் அமைந்த ஆங்கிலப் பொதுப்பெயர்களைத் தமது எல்லைக்குட்பட்ட இனங்களைப் பொறுத்தவரை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023இல் அறிவித்தது இங்குக் கருதத்தக்கது. பொதுப்பெயர் என்பது பொதுமக்களின் பார்வைக்கு உதவ வேண்டும் என்னும் எண்ணம் ஆங்கில உலகிலேயே வலுப்பெற்றுள்ளதை இது காட்டுகின்றது.

3. ‘அந்தமான்’ என்னும் அடைமொழி

தீவுகளின் ஆங்கிலப் பொதுப்பெயர்களுள் பெரும்பான்மையானவை ‘அந்தமான்’ என்னும் அடையைப் பெற்றவை. தமிழிலும் இவை மொழிபெயர்க்கப்பட்டு அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் கரிச்சான், அந்தமான் பாம்புக்கழுகு, அந்தமான் செம்போத்து, அந்தமான் வால்காக்கை என அமைகின்றன. இலக்கண நோக்கில் இவற்றில் பிழையில்லை. ஆனால் அடைமொழியின் பணி ஒன்றைப் பிறிதொன்றிலிருந்து பிரித்துக்காட்டுவதாகும். ‘அந்தமான்’ என்னும் அடை எங்கிருப்பவருக்குப் பிரித்துக்காட்டுகின்றது என்பதே வினா.

சென்னையிலோ இலண்டனிலோ இருந்து உலகப் பறவைப் பட்டியலை நோக்குபவருக்கு இவ்வடை பயன்படுகின்றது. நடு அந்தமானின் காட்டில் நிற்பவருக்கு இது எதனையும் கூறுவதில்லை. அவரைச் சுற்றியுள்ள பறவைகள் யாவும் அந்தமானின் பறவைகளே. மூன்று சான்றுகள் இதனைத் தெளிவுபடுத்தும்.

அந்தமானில் இருவகைக் கரிச்சான்கள் ஒருங்கே வாழ்கின்றன. ஒன்று ‘அந்தமான் கரிச்சான்’; மற்றொன்று வால்நுனியில் நீண்ட கம்பிபோன்ற இரு இறகுகளும் அவற்றின் முடிவில் துடுப்புப்போன்ற அமைப்பும் கொண்ட துடுப்புவால் கரிச்சான். பின்னதும் அந்தமானின் பறவைதான். ‘துடுப்புவால்’ என்னும் அடை வாலை நோக்குமாறு கற்பிக்கின்றது. ‘அந்தமான்’ என்னும் அடை எங்கு நோக்குவது என்று கூறுவதில்லை.

பாம்புக்கழுகுகளும் அவ்வாறே. அந்தமானில் காணப்படும் இரு பாம்புக்கழுகுகளுள் ஒன்று அடர்ந்த பழுப்பு நிறமுடையது. தீவின் உட்பகுதிக் காடுகளை விரும்புவது. மற்றொன்று வெளிறியது, கடலோரங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் மிகுதியாகக் காணப்படுவது. நிறமும் வாழிடமும் இத்துணைத் தெளிவாக வேறுபட்டிருக்க, முன்னதற்கு மட்டும் தீவின் பெயரை அடையாக்கியதால் காண்பவருக்கு வேறுபாடு புலப்படுவதில்லை.

மூன்றாவது சான்று வேட்டைக்கார ஆந்தைகள். அந்தமானின் இரு இனங்களுள் ஒன்று தீவின் பெயராலும் மற்றொன்று ஹியூமின் பெயராலும் வழங்குகின்றன. ஹியூமின் பெயருடையது அடிப்பகுதியும் கருமை கலந்த பழுப்பாக அமைந்தது; மற்றதன் அடிப்பகுதியில் செம்பழுப்புக் கோடுகள் உள்ளன. இரவில் விளக்கொளியில் ஒருகணம் தோன்றி மறையும் ஆந்தையை இனங்காண வேண்டியவருக்கு இவ்வேறுபாட்டைப் பெயரே கூறியிருக்கலாம். இவ்விரண்டின் ஆங்கிலப் பெயர்களிலும் இன்று ‘பூபுக்’ என்னும் சொல் வழங்குவது சுவையான செய்தியாகும். அது ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பகுதித் தொல்குடியினரின் தாருக் மொழியில் ஆந்தையின் குரலை ஒட்டி அமைந்த சொல்லாகும். அந்தமான் ஆந்தைகளுக்கு ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் ஒலிப்பெயர் கிடைத்துள்ளது. அந்தமான் தொல்குடியினரின் ஒலிப்பெயர் கிடைக்கவில்லை.

இடப்பெயர் அடை முற்றிலும் பயனற்றது என்று கூறுவதும் பொருந்தாது. ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழும் இருவாச்சிக்கு ‘நார்கொண்டம் இருவாச்சி’ என்பது சிறந்த பெயராகும். அங்கு வேறு இருவாச்சி இல்லை. ‘இருவாச்சி’ என்னும் சொல் அலகின் வடிவைக் காட்ட, ‘நார்கொண்டம்’ என்னும் சொல் அவ்வினத்தின் முழு உலகையும் காட்டுகின்றது. ஓரிடத்திற்கு மட்டும் உரியதாதலைச் சுட்டும் பெயர் பாதுகாப்புப் பொறுப்பையும் சுட்டுகின்றது. ஆனால் ஒரே அடை பல பறவைகளுக்கு வழங்கும்போது அச்சுட்டு வலுவிழக்கின்றது.

4. பெரிய அந்தமானியர் வழக்கு

தீவின் தொல்குடியினர் பறவைகளை எவ்வாறு கண்டனர் என்பதற்குரிய சான்றுகள் இரு காலங்களில் பதிவாகியுள்ளன. 1906 முதல் 1908 வரை களப்பணியாற்றிய இராட்கிளிஃப் பிரௌன் 1922இல் வெளியிட்ட ‘அந்தமான் தீவினர்’ என்னும் நூல் ஒன்று. மொழியியலாளர் அன்விதா அபியும் பறவையியலாளர் சதீஷ் பாண்டேயும் இணைந்து 2011இல் வெளியிட்ட பெரிய அந்தமானியரின் பறவைகள் பற்றிய நூல் மற்றொன்று. பெயர், வகைப்பாடு, பண்பாடு ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய்வது பின்னூலின் தனிச்சிறப்பு. பறவையறிந்தவர் மொழியறியாமலும் மொழியறிந்தவர் பறவையறியாமலும் தொகுத்த சொற்பட்டியல்களில் ‘ஒருவகைப் பறவை’ என்னும் விளக்கமே மிகுதியாக அமைவதைத் தமிழ் அகராதி பயில்வோர் நன்கறிவர். அக்குறையை இருதுறையினரின் கூட்டுமுயற்சி நீக்க முயன்றுள்ளது.

இவ்விரு நூல்களும் காட்டும் உலகில் பறவை காட்சிப்பொருள் அன்று, உறவு. இராட்கிளிஃப் பிரௌன் தொகுத்த கதைகளில் மனிதர்க்கு நெருப்பைக் கொணர்ந்தது மீன்கொத்தி. சில வடிவங்களில் புறா. அபியின் பதிவிலுள்ள கதையொன்றில் மனிதர்களே பறவைகளாக மாறுகின்றனர். பறவைகளை முன்னோராகக் கருதுவதால் அவற்றை உண்பதில்லை என்னும் நம்பிக்கையும் பதிவாகியுள்ளது. கதைகளில் பறவைப் பெயர்களுக்கு முன் ‘மாயா’ என்னும் மதிப்புச்சொல் வருகின்றது. மதிப்பிற்குரிய ஆடவர்க்கு வழங்கும் இச்சொல்லை இராட்கிளிஃப் பிரௌன் ஆங்கிலத்தில் ‘சர்’ என மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு கதையை விளையாட்டுக்கதை போலத் தோன்றச் செய்துவிட்டது. தமிழில் பறவை அஃறிணையாயினும் குழந்தைக்கதைகளில் ‘காக்கையார்’ என வழங்குவதுண்டு. ஆனால் அது கதைக்குரிய திணைமயக்கம். கதை முடிந்ததும் காக்கை அஃறிணைக்குத் திரும்பிவிடுகின்றது. பெரிய அந்தமானியரிடத்தில் அம்மதிப்பு கதைக்கு வெளியேயும் தொடர்கின்றது.

இந்நூலைப் பயன்படுத்துவோர் ஒரு வரம்பை மனத்திற்கொள்ள வேண்டும். இருபத்தொன்றாம் நூற்றாண்டில் பதிவான பெரிய அந்தமானிய மொழி, ஜெரு, கோரா, போ, சாரே முதலியவற்றைப் பேசிய குழுக்கள் எஞ்சிய சிலராய் ஒன்றுசேர்ந்தபின் உருவான கலப்புவடிவம். ஒரு பறவைப்பெயர் எக்குழுவினருடையது, அப்பெயர் எக்காட்டில் வழங்கியது, ஒரு பறவைக்கு எத்தனைப் பெயர்கள் இருந்தன என்னும் வினாக்களுக்கு எஞ்சிய சில பேச்சாளரைக் கொண்டு முழுமையாக விடைகாண இயலாது. இது நூலாசிரியர்களின் குறையன்று. பதிவு காலந்தாழ்ந்ததன் விளைவு. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். தம் மொழியில் உரையாட எவருமின்றி அவர் பறவைகளோடு பேசிவந்தார் என அபி குறிப்பிட்டுள்ளார். செய்தித்தாள்கள் இதனை உருக்கமான நிகழ்ச்சியாக மட்டும் வெளியிட்டன. பறவையை முன்னோராகக் கருதும் மொழியில் அது இயல்பான உரையாடலாகவும் இருந்திருக்கக்கூடும் என்பதை அவை கருதவில்லை.

5. தமிழின் பெயரீட்டு மரபு

தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளை வைத்துள்ளது. நிலத்தையும் பறவையையும் பிரிக்காது காணும் பார்வை அதில் உள்ளது. மரபியலோ பறவைகளின் இளமைக்கும் பெண்மைக்கும் உரிய சொற்களைத் தனியே வரையறுக்கின்றது. சங்கப் பாடல்களின் பறவைகளை இக்காலப் பறவையியலோடு பொருத்திக்காண முயன்ற பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இத்துறையில் முன்னோடி நூலாகும்.

இன்றும் வழங்கும் தமிழ்ப் பறவைப்பெயர்களை அவை தோன்றிய அடிப்படை நோக்கி நான்காகப் பகுக்கலாம். குரலால் அமைந்தவை: காக்கை, கூகை, குக்குறுவான், அக்காக்குயில். செயலால் அமைந்தவை: மரங்கொத்தி, மீன்கொத்தி, ஆள்காட்டி, வாலாட்டி, முக்குளிப்பான். வடிவாலும் நிறத்தாலும் அமைந்தவை: இருவாச்சி, கரண்டிவாயன், நாமக்கோழி, கரிச்சான். வாழிடத்தால் அமைந்தவை: பனங்காடை, கானாங்கோழி. ஆட்சியாளரின் பெயரைப் பறவைக்கு இடும் வழக்கு இம்மரபில் இல்லை எனலாம். நான்கு வகையும் பறவையை நேரில் நெடுங்காலம் கண்டவர்களின் படைப்புகள்.

இவற்றுள் செயலால் அமையும் பெயர்களின் சொல்லமைப்பு குறிப்பிடத்தக்கது. பெயர்ச்சொல்லோடு வினையடியும் ‘இ’ விகுதியும் சேர்ந்து மீன்கொத்தி, ஆள்காட்டி, வாலாட்டி என ஆகின்றன. இவ்வமைப்பு இன்றும் ஆக்கமுடையது. புதிய பெயர்களைத் தரவல்லது. இத்தகைய ஆற்றல் மொழியில் இருக்க, தீவுப்பறவைகளுக்கு ஆங்கிலப் பெயரின் நிழலையே தமிழாக்குவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

6. ஒரு சோதனை: நிக்கோபாரின் மேட்டுக்கோழி

இக்கருத்தை ஒரு பறவையைக்கொண்டு சோதிக்கலாம். நிக்கோபார்த் தீவுகளில் மட்டும் வாழும் ஒரு கோழியினம் ஆங்கிலத்தில் ‘மெகபோட்’ எனப்படுகின்றது. கிரேக்கச் சொற்களாலான அப்பெயருக்குப் ‘பெரும்பாதம்’ என்பது பொருள். நேர்மொழிபெயர்ப்பில் ‘நிக்கோபார்ப் பெரும்பாதக்கோழி’ என்னும் பெயர் கிடைக்கும். பாதம் பெரிதே, ஆனால் பறவையின் வியப்பு பாதத்தில் இல்லை. அது மணல், மண், இலைச்சருகு ஆகியவற்றைக் குவித்துக் கடற்கரையை ஒட்டிய காட்டில் மேடு அமைக்கின்றது, அதனுள் முட்டையிடுகின்றது, அடைகாப்பதில்லை. மட்கும் பொருள்களின் வெப்பமே முட்டையைப் பொரிக்கின்றது. மேட்டைத் தோண்டிக்கொண்டு வெளிவரும் குஞ்சு தாயின் துணையின்றித் தானே இரைதேடி வாழ்கின்றது. தமிழ் மரபின்படி செயலால் பெயரிடின் ‘மேடுகட்டிக் கோழி’ என்பது போன்ற பெயர் அமையும். அப்பெயரைக் கேட்பவர் பறவையைக் காணாவிடினும் மேட்டைத் தேடுவார். மேட்டைக் கண்டால் மிதியாது விலகுவார்.

இங்குப் பெயரின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. மேடுகள் கரையோரத்தில் அமைவதால் 2004 டிசம்பர் ஆழிப்பேரலை இவ்வினத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1994ஆம் ஆண்டு நிலையோடு ஒப்பிட 2006இல் இனப்பெருக்க இணைகள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்ததாக இப்பறவையை நெடுங்காலம் ஆராய்ந்த கா. சிவகுமாரின் ஆய்வு காட்டியது. இப்பறவை மேடு அமைக்கும் இடங்களுள் ஒன்றான பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடா, 2021இல் காட்டுயிர்ப் புகலிட நிலையை இழந்தது. அங்குத் துறைமுகம் உள்ளிட்ட பெருந்திட்டத்திற்கு 2022இல் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. இத்திட்டத்தின் நன்மை தீமை பற்றி எழும் உரையாடலில் தமிழ் பேசும் தீவுவாசிகளும் பங்கேற்கின்றனர். அவர்கள் ‘மெகபோட்’ என்னும் சொல்லை அறிக்கையில் ஓர் உருப்படியாகப் படிப்பதற்கும், மேடுகட்டி வாழும் ஒரு கோழியாக மனத்தில் காண்பதற்கும் வேறுபாடு உண்டு.

பெயர் மாறினால் பறவை பிழைத்துவிடும் என்பது இதன் கருத்தன்று. ஆனால் காணாத ஒன்றிற்காக எவரும் பேசுவதில்லை. காண்பதற்குப் பெயர் துணைபுரிகின்றது.

எனினும் ‘மேடுகட்டிக் கோழி’ என்னும் பெயரும் மேசையில் அமர்ந்து ஆக்கப்பட்டதே. அவ்வகையில் அது மேலே குறைகூறப்பட்ட அருங்காட்சியகத்துப் பெயர்களின் இனத்தைச் சேர்ந்ததாகும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். பெரிய நிக்கோபாரில் 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர்க் குடும்பங்களுள்ளும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அரை நூற்றாண்டாக இப்பறவைகளுக்கிடையே வாழும் இவர்களின் வாய்மொழியில் பெயர் ஏதேனும் தோன்றியிருக்குமாயின், எந்த ஆக்கப்பெயரினும் அதுவே தகுதியுடையதாகும். நிக்கோபாரியர் வழங்கும் பெயர் அதனினும் மூத்தது. முதலில் கேட்பது, பிறகே ஆக்குவது என்பதே முறை.

7. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வருவன பெறப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெயர்கள் இனங்களை ஐயமின்றிச் சுட்டுகின்றன; ஆனால் பறவையைக் காணக் கற்பிப்பதில்லை. ‘அந்தமான்’ என்னும் பொதுவடை தொலைவிலிருந்து நோக்குபவரின் தேவைக்கு உரியது. தீவில் நிற்பவரின் தேவைக்கு உரியதன்று. பெரிய அந்தமானியர் பெயர்கள் பறவையை உறவாகக் கண்ட பார்வையின் எச்சங்கள். அவற்றின் பதிவு தாமதமாகவே நிகழ்ந்தது. தமிழில் குரல், செயல், வடிவு, வாழிடம் என்னும் நான்கு அடிப்படைகளும் உயிர்ப்புடன் உள்ளன. தீவுப்பறவைகளுக்கு அவை இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

ஆகவே தீவுவாழ் தமிழரிடையே பறவைப்பெயர்களைத் திரட்டும் களஆய்வு உடனடித் தேவையாகும். முதல் தலைமுறைக் குடியேறிகள் முதுமையடைந்துவிட்டனர். ஊரில் கண்ட செம்போத்தின் பெயரை முற்றிலும் கரிய உடலில்லாத தீவுச் செம்போத்திற்கு அவர்கள் எவ்வாறு நீட்டினர், ஊரில் இல்லாத பறவைக்கு என்ன பெயர் கண்டனர் என்பவற்றைக் கூறவல்லவர்கள் அவர்களே. அத்தொகுப்பில் மொழியியலாரும் பறவை நோக்குவோரும் இணைந்து பணியாற்ற வேண்டும். போ மொழியைப் பொறுத்தவரை அவ்வாய்ப்பு 2010இல் முடிந்துவிட்டது. தீவுத்தமிழைப் பொறுத்தவரை அது இன்னும் எஞ்சியுள்ளது.